ஒயிட் ரிம் சுற்று: வலமாகவா, இடமாகவா?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் ஊருக்குப் பக்கத்தில் கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்கா இருக்கிறது. அதற்குள் ஓடும் ஒயிட் ரிம் சாலை, மவுண்டன் பைக் வைத்திருப்பவர்கள் என்றாவது ஒருநாள் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படும் சுற்று. மொத்தம் சுமார் 160 கிலோமீட்டர். அங்கே போகத் திட்டமிடுகிறவர்கள் பெர்மிட், டயர், சாப்பாடு என்று எல்லாவற்றையும் மாதக்கணக்கில் யோசிப்பார்கள். எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதை மட்டும் கிளம்புவதற்கு முந்தின இரவுக்குத் தள்ளிவிடுவார்கள். முதலில் முடிவு செய்ய வேண்டியதே அதுதான் என்பேன். காரை எங்கே நிறுத்துவது, எந்த இரவு எந்த முகாம், எத்தனை லிட்டர் தண்ணீர், உச்சி வெயில் எந்த ஏற்றத்தில் நம்மைப் பிடிக்கும் என்பதெல்லாம் திசையோடு பின்னிக் கிடக்கின்றன.

இடத்தின் அமைப்பை மனதில் வாங்கிக்கொண்டால்தான் மற்றது புரியும். நடுவில் ஐலண்ட் இன் தி ஸ்கை என்ற பீடபூமி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில். அதற்குக் கிழக்கே கொலராடோ ஆறு, மேற்கே கிரீன் ஆறு. தெற்கே போய் இரண்டும் கூடுகின்றன. பீடபூமியின் உச்சிக்கும் ஆறுகளுக்கும் நடுவில், உச்சியிலிருந்து ஏறக்குறைய 365 மீட்டர் கீழே, வெளிறிய மணற்பாறை ஒன்று படி போலச் சுற்றிலும் நீண்டிருக்கிறது. அந்தப் படியின் மேல்தான் சாலை. 1950களில் யுரேனியம் தேடுகிறவர்களுக்காக அமெரிக்க அணுசக்தி ஆணையம் போட்டது. யுரேனியம் பெரிதாகக் கிடைக்கவில்லை. 1964இல் பூங்கா அமைந்தது, சாலை தங்கிவிட்டது.

மேலிருந்து அந்தப் படிக்கு இறங்க இரண்டு வழிகள். கிழக்கே ஷேஃபர் வளைவுகள், வடமேற்கே மினரல் பாட்டம் வளைவுகள். ஷேஃபரில் இறங்கி, கொலராடோ பக்கமாகத் தெற்கே போய், ஒயிட் கிராக் முனையருகே திரும்பி, கிரீன் ஆற்றுப் பக்கமாக வடக்கே வந்து மினரல் பாட்டத்தில் ஏறினால் வலச்சுற்று. மினரல் பாட்டத்தில் இறங்கி ஷேஃபரில் ஏறினால் இடச்சுற்று. மேலே இந்த இரண்டு வாய்களையும் இணைப்பது 21 கிலோமீட்டர் மண் ரோடும், அதற்குப் பிறகு சுமார் 15 கிலோமீட்டர் தார் ரோடும்.

எந்தப் பக்கமாகப் போனாலும் ஏற வேண்டிய மொத்த உயரம் ஒன்றேதான், 1,800 மீட்டருக்கு மேல். ஆகவே ‘எது சுலபம்?’ என்று கேட்டுப் பயனில்லை. கடினமான இடங்கள் உடம்பில் தெம்பு இருக்கும்போது வருகின்றனவா, தீர்ந்த பிறகு வருகின்றனவா என்பதுதான் கேள்வி.

கிழக்குப் பாதியும் மேற்குப் பாதியும் குணத்தில் வேறு வேறு. கிழக்குப் பாதி ஓட்டத்துக்கு ஏற்றது. பாறைத் தளமும் இறுகிய மண்ணும் மாறி மாறி வரும். சாலை விளிம்பை ஒட்டி ஓடையிடுக்குகளுக்குள் போய்ப் போய் வெளியே வரும், லேசான மேடு பள்ளங்கள்தான். மேற்குப் பாதியில் மூன்று இடங்கள் ஆளைச் சோதிக்கும். முதலாவது மர்ஃபி ஹாக்பேக். சுற்றின் ஏறக்குறைய நடுவில், ஷேஃபர் பக்கமிருந்து சுமார் 70 கிலோமீட்டரில், குறுக்கே விழுந்து கிடக்கிற முதுகு அது. இரண்டு பக்கமும் செங்குத்து. அடுத்தது பொட்டேட்டோ பாட்டம் பக்கத்து ஆற்றங்கரை மணல். மூன்றாவது அதை ஒட்டியே நிற்கிற ஹார்ட்ஸ்கிராபிள் குன்று.

மர்ஃபியை ஓட்டியே ஏறுவதென்றால் என்னவென்று கொஞ்சம் சொல்கிறேன். தரையில் உதிரிக் கற்கள், நடுநடுவே படிக்கட்டு போல் துருத்திய பாறை விளிம்புகள். உடம்பை முன்னால் சாய்த்தால் பின் டயர் பிடிப்பை விட்டுச் சுழலும். பின்னால் நகர்ந்தால் முன் சக்கரம் தரையை விட்டு எழும். சீட்டின் மூக்கு நுனியில் உட்கார்ந்து, முழங்கைகளைத் தாழ்த்தி, பெடலை வெட்டாமல் ஒரே சீராக மிதித்தால்தான் வண்டி முன்னே நகரும். ஒருமுறை காலை ஊன்றிவிட்டால் அந்தச் சரிவில் மறுபடி ஏறி உட்கார்ந்து கிளம்புவது கடினம். பெரும்பாலானவர்கள் அங்கிருந்து தள்ளிக்கொண்டுதான் போகிறார்கள். அதில் குறைவு ஒன்றுமில்லை. ஆனால் இதை 5 மணி நேரம் ஓட்டிய காலோடு செய்கிறோமா, 8 மணி நேரம் ஓட்டிய காலோடு செய்கிறோமா என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

வலச்சுற்றின் பெருமை

பெரும்பாலானவர்கள் வலமாகத்தான் போகிறார்கள். பல நாள் பயணம் நடத்தும் வழிகாட்டிகளும் வழக்கமாக அப்படித்தான் அழைத்துப் போகிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. ஷேஃபரில் விடியற்காலையில் இறங்குவதற்கு ஈடாக இந்தச் சுற்றில் வேறொன்றும் கிடையாது. எதிரே சூரியன், கீழே அடுக்கடுக்காகச் சிவந்த பாறை, கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன் கீழ் ஒன்றாகச் சுமார் 450 மீட்டர் இறங்குகின்றன. அந்த நேரத்தில் கிழக்கு முகமாக நிற்கிற செங்குத்துப் பாறைகள் முழுவதிலும் வெயில் படும். இறங்கிய சிறிது தூரத்திலேயே கொலராடோ ஆற்றின் வளைவு, அடுத்து மஸல்மன் ஆர்ச் என்ற இயற்கைப் பாறை வளைவு, பிறகு வாஷர் வுமன் என்ற இன்னொரு பாறை வளைவு, அதற்கும் அப்பால் மான்யுமென்ட் பேசினின் ஊசிக் கோபுரங்கள். பார்க்க வேண்டியவற்றில் பாதிக்கு மேல், உடம்பும் மனமும் புதிதாக இருக்கும்போதே வந்துவிடும்.

இறக்கத்தில் ஒரு எச்சரிக்கை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் அந்த உச்சியில் காலைக் குளிர் கடுமை. 15 கிலோமீட்டர் தார் ரோட்டில் காற்றைக் கிழித்து வந்த விரல்கள் மரத்துப் போயிருக்கும். அதே விரல்களால்தான் பிரேக் லீவரை விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். முழு விரல் கையுறை இல்லாமல் வலச்சுற்றைத் தொடங்க வேண்டாம். கீழிருந்து ஜீப் ஏறி வந்தால் வழிவிட வேண்டியது இறங்குகிற நாம்தான். வளைவுக்கு முன்பே நின்று, மலைச்சுவர்ப் பக்கமாக ஒதுங்கிக்கொள்வது நல்லது.

இனி இதன் மறுபக்கம். வலமாகப் போனால் மர்ஃபி, மணல், ஹார்ட்ஸ்கிராபிள், மினரல் பாட்டம் ஏற்றம் நான்கும் இரண்டாம் பாதியில் வரிசை கட்டி நிற்கும். காலையில் ஓட்டம் மிக நன்றாகப் போவதால், இப்படியே போனால் மாலைக்கு முன் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடத் தோன்றும். அந்தக் கணக்கு பொட்டேட்டோ பாட்டம் மணலில் உடையும். அங்கே டயர் ஓர் அங்குலம் புதைந்தாலும் வேகம் பாதியாகிவிடும். சக்கரம் தன் போக்கில் திரும்பப் பார்க்கும். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் இன்னும் திரும்பும். பிடியைத் தளர்த்தி, சின்ன கியரில், உடம்பைப் பின்னால் வைத்து மிதந்தாற்போல் போக வேண்டும். களைத்த ஆளுக்கு அந்த நிதானம் வராது.

தண்ணீரையும் இதோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். சாலை நெடுகிலும் குடிநீர் எங்கும் கிடையாது. ஆளுக்கு நாளொன்றுக்கு சுமார் 4 லிட்டர் என்பது பாலைவனத்தில் சும்மா இருப்பதற்கே வேண்டிய அளவு. நாள் முழுக்க மிதிப்பவருக்கு அதைப்போல ஒன்றரை மடங்காவது தேவை. வலச்சுற்றில் தண்ணீர்ப் பை இளைக்க இளைக்கத்தான் ஏற்றங்கள் வருகின்றன. பொட்டேட்டோ பாட்டம் பக்கம் கிரீன் ஆறு அருகிலேயே ஓடுகிறது, உண்மைதான். ஆனால் அது வண்டல் கலங்கிய நீர். தெளிய வைக்காமல் வடிகட்டினால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். தெளிய வைக்க நேரம் வேண்டும், ஒருநாள் பயணத்தில் அந்த நேரம் இருக்காது.

இடச்சுற்றுக்கு ஏன் இன்னும் ஆதரவு வேண்டும்

இடமாகப் போனால் முதலில் தார் ரோடு, அதன்பின் மினரல் பாட்டத்துக்குப் போகிற மண் ரோடு. அந்த 21 கிலோமீட்டரும் பெரும்பாலும் லேசான இறக்கம், ஆகவே உடம்பைச் சூடாக்கிக்கொள்ள நல்ல வழி. அடுத்து மினரல் பாட்டம் வளைவுகளில் ஆற்றுக்கு இறங்குகிறோம். 2010 ஆகஸ்டில் ஒரே மழையில் அடித்துப் போய், திருத்தி 2011இல் திறந்த வளைவுகள் அவை. பிறகு ஹார்ட்ஸ்கிராபிள், மணல். இரண்டும் நாளின் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். நடுப்பகலை ஒட்டி மர்ஃபி. அதற்கு அப்பால் இருக்கிற 70 கிலோமீட்டரும் கிழக்குப் பாதியின் நல்ல தரை. கடைசியில் ஷேஃபர் ஏற்றம். நீளமான ஏற்றம்தான், ஆனால் மர்ஃபி போல் முரட்டு ஏற்றம் அல்ல. மண் தளம், சீரான சரிவு. களைத்தவரும் சின்ன கியரில் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம், முடியாவிட்டால் தள்ளிக்கொண்டும் போகலாம்.

வெயில் கணக்கு பலர் கவனிக்காதது. காலையில் சூரியன் பீடபூமிக்குக் கிழக்கே இருக்கும். அப்போது மேற்குப் பாதியில் இருப்பவருக்குப் பீடபூமியே தடுப்பு. பாறைச் சுவரை ஒட்டிய இடங்களில் நிழல் சற்று நேரம் நீடிக்கும். மாலையில் சூரியன் மேற்கே சாய்ந்ததும் கிழக்குப் பாதியில் நிழல் விழத் தொடங்கும், ஷேஃபர் ஏற்றம் அதற்குள் அடங்கும். இடமாகச் சுற்றுபவர் நாளின் இரண்டு முனைகளிலும் நிழலில் இருக்கிறார். வலமாகச் சுற்றுபவர் இரண்டு முனைகளிலும் வெயிலில். படம் எடுக்கிறவருக்கு வலச்சுற்று விருந்து. உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டியவருக்கு இடச்சுற்று. மரநிழல் என்று ஒன்று கிடைக்காத ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

காற்றும் இதே பக்கம் சாய்கிறது. வசந்த காலத்தில் அந்தப் பகுதியில் பிற்பகலுக்கு மேல் தென்மேற்கிலிருந்து காற்று வலுப்பது வழக்கம். இடமாகப் போகிறவர் அந்த நேரத்தில் ஒயிட் கிராக்கைத் தாண்டி வடகிழக்கே திரும்பியிருப்பார், காற்று முதுகில். வலமாகப் போகிறவர் காலையில் தென்மேற்கே போகும்போது பெரும்பாலும் காற்று இருக்காது, பிற்பகலில் வடமேற்கே போகும்போது பக்கவாட்டில் அடிக்கும். ஆகவே வலச்சுற்றில் காற்று பெரிய கெடுதல் செய்யாது, ஆனால் உதவவும் செய்யாது. முந்தின மாலை வானிலை அறிக்கையில் வடக்கிலிருந்து காற்று என்று இருந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகும். அன்று மட்டும் மறுபடி யோசியுங்கள்.

மூன்றாவது, வெளியேறும் வழி. ஒயிட் ரிம்மில் இறங்கிவிட்டால் நினைத்த இடத்தில் மேலே ஏறிவிட முடியாது. கூஸ்பெரி, மர்ஃபி, வில்ஹைட் என்று பீடபூமிக்கு ஏறும் பாதைகள் உண்டு, ஆனால் அவை நடப்பவர்களுக்கு மட்டும். சைக்கிளுக்கு அனுமதி இல்லை. வண்டி போகும் வழிகள் மூன்றே மூன்று: ஷேஃபர், மினரல் பாட்டம், ஷேஃபர் வளைவுகளின் கீழிருந்து கொலராடோ பக்கமாக மோவாப் போகும் பொட்டாஷ் ரோடு. மூன்றில் இரண்டு கிழக்கு முனையில் இருக்கின்றன. இடச்சுற்றின் முடிவில் ஷேஃபர் ஏற்றத்தைப் பார்த்து ஒருவருக்கு முடியவே முடியாது என்று ஆகிவிட்டால், பொட்டாஷ் ரோடு வழியாக அழைத்துப் போக யாரையாவது முன்கூட்டியே ஏற்பாடு செய்துவைக்கலாம். வலச்சுற்றின் முடிவில் அப்படி ஒரு மாற்று கிடையாது. மினரல் பாட்டம் ஏறித்தான் ஆக வேண்டும். பெரும்பாலான இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது என்பதால் இந்த ஏற்பாட்டை மேலே இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.

ஆகவே ஒரே நாளில், முதல் தடவையாக, கூட ஜீப் இல்லாமல் போகிறவருக்கு என் பரிந்துரை இடச்சுற்று. ஊரே வலமாகப் போகிறது என்பது இதற்கு மறுமொழி ஆகாது. வலமாகப் போகிறவர்களில் பெரும் பகுதியினர் 3, 4 நாள் எடுத்து, சாமான்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள்.

காரை எங்கே நிறுத்துவது

திசையை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டுத் தொடங்குமிடத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் வீணாகும். இரண்டு வாய்களையும் இணைக்கும் அந்த 36 கிலோமீட்டரை நாளின் முதல் வேலையாக முடித்துவிட வேண்டும் என்பது என் விதி. இருட்டிலும் ஓட்டலாம், வழி தவறாது, தார் ரோட்டில் வண்டிகளும் அந்த நேரத்தில் குறைவு. முன்னும் பின்னும் விளக்கு மட்டும் அவசியம்.

அதன்படி இடமாகப் போகிறவர் காரை ஷேஃபர் பக்கம், பீடபூமியின் மேல் நிறுத்த வேண்டும். ஷேஃபரில் ஏறி வெளியே வந்ததும் கார். வலமாகப் போகிறவர் மினரல் பாட்டம் வளைவுகளின் உச்சிப் பக்கம் நிறுத்த வேண்டும். மண் ரோடும் தார் ரோடும் முதலில், பிறகு ஷேஃபர் இறக்கம், கடைசியில் வளைவுகளில் 300 மீட்டர் அளவுக்கு ஏறினால் முடிந்தது.

ஷேஃபர் பக்கம் காரை விட்டுவிட்டு வலமாகப் போவதுதான் ஆகாத சேர்க்கை. பார்க்கிங்கிலிருந்து நேரே அந்த அழகான இறக்கத்தில் இறங்கலாம் என்பதால் மனம் அதில் விழும். ஆனால் அந்தியில் மினரல் பாட்டம் ஏறி முடித்து, இனி முடிந்தது என்று நினைக்கும் இடத்தில், லேசாக ஏறிக்கொண்டே போகிற 21 கிலோமீட்டர் மண் ரோடு காத்திருக்கும். அதற்கு மேல் தார் ரோடு. அக்டோபர் நடுவில் பகல் 11 மணி நேரத்தை ஒட்டித்தான். நல்ல பயிற்சி உள்ளவருக்கே இந்தச் சுற்று முழு நாளைக் கேட்கும். அந்த மண் ரோடு இருட்டில்தான் வரும். ஏப்ரல் கடைசியில் பகல் 13 மணி நேரத்துக்கு மேல் இருப்பதால் நிலைமை கொஞ்சம் தேவலை.

பல நாள் பயணம்

முகாம் போட்டுப் போகிறவர்களுக்கு நான் வலச்சுற்றையே சொல்வேன், தயக்கமில்லாமல். மேலே சொன்ன குறைகள் எல்லாம் ஒரே நாளில் களைத்துப் போவதிலிருந்து வருபவை; இரவில் தூங்கி எழுந்தால் அவை பாதி கரைந்துவிடும். முதல் நாள் ஷேஃபர் இறக்கமும் நல்ல தரையும். குழுவில் பழக்கம் குறைந்தவர்கள் மிரளாமல் வண்டியோடு ஒட்டிக்கொள்ள நேரம் கிடைக்கும். இரண்டாம் இரவை மர்ஃபியின் உச்சியில் வைத்துக்கொள்ள முடிந்தால் அதைவிட வேறு வேண்டாம்: இருபுறமும் பள்ளத்தாக்கு திறந்து கிடக்கும் முகாம் அது. மூன்றாம் நாள் தெளிந்த உடம்போடு மேற்குப் பாதி.

ஆனால் முகாம்கள் குறைவு. ஒயிட் கிராக்கில் ஒரே ஒரு இடம், கேண்டில்ஸ்டிக்கிலும் ஒன்றே; மர்ஃபியில் மூன்று. முன்பதிவில் எது எந்த இரவுக்குக் கிடைக்கிறதோ அதுவே திசையைத் தீர்மானித்துவிடுவதும் உண்டு. வரிசை மாறிக் கிடைத்தால் இடமாகப் போக மறுக்காதீர்கள்; தேதியை விட்டுவிடுவதைவிட அது மேல். கூட வருகிற ஜீப்பை ஓட்டுபவரையும் கேட்டுக்கொள்ளுங்கள். மர்ஃபி, ஹார்ட்ஸ்கிராபிள் இரண்டும் அவருக்கும் சோதனைதான். ஏறுவது தேவலையா, இறங்குவது தேவலையா என்பதில் அவர் சொல்லுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும்.

ஒரே நாளில் போகிறவர்களுக்கும் பெர்மிட் கட்டாயம். நாளொன்றுக்கு 50 சைக்கிள்கள், 50 மோட்டார் வண்டிகள் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். திசைக்கு என்று பூங்கா தனி விதி வைக்கவில்லை.

முடிவு செய்வதற்கு முன் பூங்கா அலுவலகத்தில் இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். பனி உருகி வரும் மே கடைசி, ஜூன் மாதங்களில் கிரீன் ஆறு பெருகினால் மேற்குப் பக்கத்தில் ஆற்றை ஒட்டிய சாலை முழுகிவிடும். அப்போது சுற்றே கிடையாது. ஷேஃபரில் இறங்கி மர்ஃபி வரை போய்த் திரும்புவது நல்ல மாற்று. குளிர்காலத்தில் ஷேஃபர் வளைவுகளில் பனிக்கட்டி உறைந்து சாலையை மூடுவது உண்டு. அந்த நாட்களில் இடமாகப் போய்விட்டுக் கடைசி ஏற்றத்தின் அடியில் நின்று மூடிய கதவைப் பார்க்கிற நிலை வரக்கூடாது. மழை பெய்திருந்தாலும் கேளுங்கள்: நனைந்த களிமண் டயரில் அப்பி, ஃபோர்க்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே அடைத்து, வண்டியை உருட்டக்கூட விடாது. அப்படியென்றால் இரண்டு திசையும் வேண்டாம், தரை காய ஒருநாள் பொறுத்துப் போங்கள்.